புடவை பழுப்பா, சிவப்பா?

பக்கத்து வீட்டு செல்வி அக்கா கைக்குழந்தையாக இருந்தபோதே அவருடைய அம்மா இறந்துவிட்டார். மிச்சம் இருப்பது ஒரே ஒரு கலர் நெகட்டிவ். அதை டேப்லெட் வெளிச்சத்தில் வைத்துக் கேமராவில் எடுத்து, கம்ப்யூட்டரில் நிறங்களைத் திருப்பி, நேற்று அவருக்கு அனுப்பினேன். புடவை பழுப்பாகவும் முகம் சாம்பலாகவும் வந்திருந்தது.

இன்று நெகட்டிவுக்கு அடியில் வைக்க, நிறம் மாறாத வெளிச்சம் தரும் புது எல்இடி பேனல் வந்ததும், மனசு கேட்காமல் மறுபடி எடுத்தேன். முகம் மாநிறம், புடவை அரக்குச் சிவப்பு!

பதறிப்போய் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"வில்லியனூர் ஜவுளிக் கடையில இருக்கேன்பா. பொண்ணு நிச்சயத்துக்கு அம்மா கட்டின கலர்லயே எடுத்துட்டேன். பில் போடுறாங்க."

"நிறுத்துங்கக்கா! அது சிவப்பு. புதுப் படம் அனுப்புறேன், பாருங்க."

அக்கா படத்தைத் திறந்தார்.

"இன்னாடா இது... அம்மா என் நிறம்டா."

சிவப்புப் புடவையோடு வந்துவிட்டார். எனக்குத்தான் இன்னும் இருப்புக்கொள்ளவில்லை: இந்தச் சிவப்பாவது நிஜம்தானா? நெகட்டிவோடு மல்லுக்கட்டுகிறவர்களே, நீங்கள் எந்த வெளிச்சத்தை நம்புகிறீர்கள்?