செருயாவின் அடுப்பு நின்ற நிலம்

செருயா பிங்கம் மனையைக் கொடுத்தாளே தவிர வீட்டைக் கொடுக்கவில்லை. வெர்மான்ட் மலையடிவாரத்து அந்தச் சின்ன ஊரில் கல்லூரி தொடங்கிய புதிது. புதுக் கட்டடத்துக்குப் ஊர்ப் பொதுப் புல்வெளியை ஒட்டிய அவள் மனைதான் வேண்டுமாம். பதிலுக்கு ஓடைப்பக்கம் பெரிய மனை தருவார்களாம். மாணவர்களுக்குச் சமைத்துப் போட்டுப் பிழைக்கும் விதவை, சொன்னதற்குத் தலையாட்டுவாள் என்று நினைத்தார்கள்.

"மனையை எடுத்துக்கோங்க. வீடு என்கூட வரும். என் வீட்டுக்காரர் அடிச்ச ஆணி ஒண்ணுகூட உங்களுக்குக் கிடையாது" என்றாள்.

பனி கெட்டிப்பட்டதும் ஊர் எருதுகளையெல்லாம் பூட்டி வீட்டையே இழுத்துப் போவது அங்கே வழக்கம்தான். புகைபோக்கியையும் அடுப்பையும் மட்டும் பிரித்து, போன இடத்தில் மறுபடி கட்ட வேண்டும்.

அதற்கு முன் புது மனையின் எல்லை குறிக்க நில அளவையாளர் ஓபேத் ரைஸ் வந்தான். குளிரில் அவன் நடுங்குவதைப் பார்த்து மனம் பொறுக்காமல், பெரிய இரும்புக் கொப்பரையோடு சூடான அவரைக்கொட்டையைக் கொண்டுபோய் அவன் திசைகாட்டியின் காலடியிலேயே வைத்தாள். அவன் சாப்பிட்டான், கோடு போட்டான். அந்தக் கோட்டை நம்பி வீடு வந்து உட்கார்ந்தது.

வசந்தத்தில் வேலிக்காக மறுபடி அளந்தபோது ஓபேத்தின் முகம் வெளுத்தது.

"அக்கா, அன்னைக்கு உங்க இரும்புக் கொப்பரை என் திசைகாட்டி முள்ளை இழுத்துடுச்சு. பசியில நானும் கவனிக்கல. உங்க அடுப்பு டீக்கன் நிலத்துல இருக்கு."

"பாக்கி வீடு?"

"அது உங்களுதுதான்."

 அடுப்பு போனால் பிழைப்பு போச்சு. பக்கத்து மனைக்காரர் எலிபலேத், ஊர்த் தேவாலயத்தின் டீக்கன், அதாவது சபை மூப்பர்; மனைவியை இழந்த தனிக்கட்டை. செருயாவின் பன்றி அவர் சோளத்தைத் தின்றதிலிருந்து அவளோடு பேச்சே இல்லை.

மறுநாள் மத்தியானம் அவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்து அடுப்போரம் உட்கார்ந்தார்.

"யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?"

"யாரைக் கேக்கணும்? என் நிலத்துலதானே உக்காந்திருக்கேன்."

அவரைக்கொட்டை நிறைந்த தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "உப்பு பத்தல" என்று சொல்லிவிட்டு இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார் மனிதர்.

அதிலிருந்து தினமும் வந்தார். மாணவர்கள் அவருக்கு 'அடுப்படி ராஜா' என்று பேர் வைத்தார்கள். அடுப்பை இடிக்கச் சொல்வாரா, விடுவாரா? கேட்டால் "பாக்கலாம்" என்பார். கோடை முழுக்க செருயா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உப்புப் போட்டாள்.

இலை பழுத்த நேரத்தில் அவரே ஓபேத்தைக் கூட்டி வந்தார். "இந்த மூலையை இவங்களுக்கு எழுதுப்பா. பதிலுக்கு ஓடையோரம் ஒரு துண்டு போதும், என் மாடு தண்ணி குடிக்கட்டும்." ஓபேத் முதலில் கொப்பரை எங்கே என்று பார்த்துக்கொண்டு அளந்தான். கையெழுத்தும் ஆயிற்று.

மறுநாள் மத்தியானம் டீக்கன் உள்ளே வரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"ஏன் வெளியவே நிக்கிறீங்க?"

"உள்ள இப்போ எனக்கு நிலம் இல்லையேம்மா."

செருயா கதவை அகலத் திறந்தாள்.

"அப்போ இனிமே நான்தானே கூப்பிடணும்? வாங்க. வந்து உப்பு பாருங்க."