கிணற்றுக் கட்டில் முட்டிய வேலி

நீர்வேலியில் ஏரம்பரைப் பற்றி யாரைக் கேட்டாலும், பாவம், நல்ல மனிதர் என்பார்கள். பக்கத்து வளவு வீட்டில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவன் நான். அப்படி லேசில் சொல்லிவிட்டுப் போக மாட்டேன். நல்ல மனிதர்தான், ஆனால் வீம்பு பிடித்த நல்ல மனிதர். அந்த வீம்பு ஆசையாக வளர்த்த பிள்ளையை ஒரு வார்த்தை இல்லாமல் அனுப்பிவைத்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவருக்குப் பிள்ளை இல்லை. அவருக்கு மற்றப் பக்கத்து வளவு தங்கை பராசக்தியின் சீதனக் காணி. அவளுடைய மகள் அருந்ததி தவழ்ந்ததும் வளர்ந்ததும் அம்மான் வீட்டில்தான். இரண்டு வளவுக்கும் எல்லையில் ஒரே கிணறு. வேலி இந்தப் பக்கம் வந்து கிணற்றுக் கட்டில் முட்டும். அந்தப் பக்கத்தில் மறுபடி தொடங்கும். கிணற்று வாய்க்கு மட்டும் வேலி இல்லை. அவரவர் பக்கத்தில் நின்று அள்ளிக்கொள்ளலாம். வேலியில் ஆள் நுழையும் அளவில் ஒரு பொட்டும் இருந்தது. குனிந்து நுழைந்தால் மற்ற வீடு.

ஒவ்வொரு மாசியிலும் வேலி அடைக்கும்போது, பட்டுப்போன கதியால் தடியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கதியால் நடுவார் ஏரம்பர். நடும்போது கை கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும். தான் செய்யும்போது இது ஒரு குற்றமென்று எங்கள் ஊரில் எவருக்கும் தோன்றாது. ஒருமுறை பராசக்தியின் புருசன் இராசநாயகம் கிணற்றடியில் நின்று உற்றுப் பார்த்தார். கட்டின் நடுவில் முட்ட வேண்டிய வேலி ஒரு சாண் தள்ளி முட்டியிருந்தது. பிறகென்ன, வழக்காகிக் கோடு வரை போயிற்று. இராசநாயகம் பொட்டையும் அடைத்தார். பேச்சுப் பறைச்சல் அற்றுப்போனது.

அருந்ததிக்கு மலாயாவில் கிளாக்கராக இருந்த மாப்பிள்ளை சரிவந்தது. ஏரம்பருக்கு இருந்த ஆசை ஒன்றுதான்: அம்மானாக முன்னுக்கு நின்று அவளை வாழ்த்தி அனுப்ப வேண்டும். ஆனால் கலியாணத்துக்கு வீடு தேடி வந்து சொல்லுவதுதான் முறை. இராசநாயகம் வரவில்லை. பராசக்தி கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு, பூவரச மரத்தைப் பார்த்து, இன்ன நாள் கலியாணம், உரியவர்கள் வரவேணும் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள். முகம் பார்க்காதவர்களுக்குள் இப்படி மரத்துக்குச் சொல்வது வழக்கந்தான். ஏரம்பரோ, மரத்துக்குச் சொன்னால் மரம் போகட்டும் என்றார். அவர் மனைவி குணலட்சுமி எவ்வளவோ மன்றாடிப் பார்த்தாள். மேளச் சத்தம் வேலிக்கு மேலால் வந்த நேரம் அவர் வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்.

கப்பலேறப் புறப்படுகிற அன்று விடிய அருந்ததி கிணற்றடிக்கு வந்தாள். அவள் மரத்தைப் பார்க்கவில்லை. எதிர்க் கட்டில் கயிறும் கையுமாக நின்ற அவருடைய முகத்தையே பார்த்தாள்.

"அம்மான், நான் போட்டு வாறன். ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

ஏரம்பர் வாளியைக் கிணற்றில் இறக்கினார். கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எங்கடை படலை திறந்துதான் கிடக்கு."

தகப்பன் பார்த்துக்கொண்டிருக்க, வாழ்த்துக் கேட்டு அந்தப் படலை வாசலுக்கு அவள் எப்படி வருவாள்? இதுகூடத் தெரியாத மனிதரா? தோய்த்த வேட்டி கட்டி, சால்வையும் போட்டுக்கொண்டு படலையில் காத்து நின்றார். அருந்ததி ஏறிய கார் வந்தது, நிற்காமல் போயிற்று. உச்சி வெயில் வரை அங்கேயே நின்றார்.

பிறகு யப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான், கடிதம் நின்றது. சண்டை ஓய்ந்தபின் அங்கிருந்து திரும்பிய ஒருவர் செய்தி கொண்டுவந்தார். அருந்ததிக்குக் காய்ச்சலாம். மருந்து கிடைக்கவில்லையாம். எந்தச் சுடலையில் எரித்தார்கள் என்றுகூடத் தெரியாதாம்.

மறுநாள் ஏரம்பர் கத்தியெடுத்து, பழைய பொட்டு இருந்த இடத்தில் வேலியை வெட்டித் திறந்தார். குனிந்து நுழையப் போனவரைப் பராசக்தி மறித்து நின்றாள். அத்தனை வருசத்துக்குப் பிறகு நேரே அவரோடு கதைத்தாள்.

"அண்ணை, உந்த வேலியை அவள் நிண்டு கேக்கேக்கை வெட்டியிருக்க வேணும். இப்ப ஆருக்கு?"

அவள் அழவில்லை. போய்த் தென்னோலைக் கிடுகும் கயிறும் குத்தூசியும் கொண்டுவந்தாள். வேலி அடைக்க ஒரு பக்கத்து ஆள் போதாது. இந்தப் பக்கத்தில் குத்துகிற ஊசியை அந்தப் பக்கத்தில் ஒருவர் வாங்கி, கயிற்றோடு திருப்பிக் குத்த வேண்டும். கிடுகைத் துளைத்துக்கொண்டு குத்தூசி ஏரம்பர் பக்கம் வந்து நின்றது. அவர் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு வாங்கித் திருப்பிக் குத்தினார். அண்ணனும் தங்கையுமாக மேலிருந்து கீழ்வரை இறுக்கி அடைத்து முடித்தார்கள்.