ஆடி மாதத்து வெறுங்குளம்பு

அம்மா திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனபோது என்னைத் துடியலூரில் மாமா வீட்டில் விட்டுப்போனாள். எனக்கு எட்டு வயது. மாமாவும் அத்தையும் ஒரு குறையும் வைக்கவில்லை. என்னோடு பேசத்தான் அவர்களுக்கு நேரமில்லை. என் கதையெல்லாம் கேட்டது மாமாவின் வெள்ளைக் குதிரை. மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு வாடகைக்குப் போகிற குதிரை அது.

ஆடியில் கல்யாணம் கிடையாது. குளம்பு தன்போக்கில் வளரட்டும் என்று மாமா அந்த மாதம் லாடங்களைக் கழற்றச் சொல்லிவிடுவார். லாடம் கட்டுகிற பாய் வந்து ஆணிகளைப் பிடுங்கி, குளம்பைச் சீவிவிட்டார். செம்மண் வாசலில் குதிரை சத்தமே இல்லாமல், காலை நன்றாக எட்டிவைத்து நடந்தது. கல் தட்டுப்பட்டால் மட்டும் கூசிக் கூசி நின்றது.

"பாதம் கெட்டியாகற வரைக்கும் ரோட்டுப்பக்கம் கொண்டுபோயிராதீங்க," என்றார் பாய். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா வரப்போகிறாள் என்று அவரிடமும் சொல்லிவைத்தேன். எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மதியம் மாமா தூங்கினார். தனியாகக் காத்திருக்கப் பிடிக்காமல் குதிரையையும் பஸ் ஸ்டாப்புக்குப் பிடித்துப்போனேன். ரோடு போடுவதற்காக வழியெல்லாம் ஜல்லி கொட்டியிருந்தார்கள். ஏழு பஸ் வந்தது. அம்மா வரவில்லை. திரும்பும்போது குதிரை ஒரு முன்னங்காலை ஊன்ற முடியாமல், தலையை ஆட்டி ஆட்டி நொண்டியது.

"ஆவணி முகூர்த்தத்துக்குள்ள சரியாகலீன்னா வித்துப்போட வேண்டீதுதான்," என்றார் மாமா மறுநாள். குதிரையை ரோட்டுக்குக் கொண்டுபோனதை நான் சொல்லவில்லை.

பாய் வந்து குளம்பைத் தன் மடியில் வைத்துக் கத்தி முனையால் நெம்பினார். கருநீலச் சில்லு ஒன்று வந்தது. எங்கள் வாசலில் அப்படிக் கல்லே கிடையாது. அதைக் கைக்குள் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா வந்தாங்களா கண்ணு?"

"வரலீங்க."

அவர் மாமா பக்கம் திரும்பினார். "நாந்தானுங்க பாதத்தைக் கொஞ்சம் சாஸ்தியாச் சீவிப்போட்டேன். பத்து நாள்ல சரியாயிருமுங்க."

மாமா கத்தித் தீர்த்துவிட்டார். குதிரை சரியாகிவிட்டது. ஆவணியில் லாடம் கட்ட வேறொருவர் வந்தார்.

எனக்கோ பெரிய நிம்மதி. பெரியவரே ஒத்துக்கொண்டுவிட்டார், அப்படியானால் தப்பு என்னுடையதில்லை! நாளாக ஆக அதை முழுசாக நம்பியும்விட்டேன். என் குதிரையை நொண்ட வைத்தவர் என்று அவர்மேல் கோபம்கூட வந்தது.

பிறகொரு நாள் பள்ளிக்கூடத்து வழியில் அவர் சைக்கிளை நிறுத்தி, "ஏங்கண்ணு, குதிரை நல்லா நடக்குதா?" என்றார். அம்மா வந்தாளா என்று அந்த ஊரில் என்னைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன்.