லாக்கர் கதவில் ஒரு காயப் பட்டியல்

செய்தி வந்தபோது பஸ் காவிரிப் பாலத்தில் நின்றிருந்தது. அலுவலகக் குழுவில் ஒரு வரி: ஜெசிந்தா அக்கா இன்று அதிகாலை தவறிவிட்டார். கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். விரல் பழக்கத்தில் அடுத்த செயலியைத் திறந்தது. பேஸ்பால் சீசன் தொடங்க இன்னும் பதினெட்டு நாள் என்று காட்டியது. என் போனில் அதை ஏற்றிவைத்தவர் அவர்தான். பதினெட்டு நாள் என்று அவருக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஒரு கணம். அப்புறம் பஸ் நகர்ந்தது.

மாரடைப்பு. நாற்பத்தாறு வயது. பொன்மலை ரயில்வே குடியிருப்பில், அடுப்பில் பால் இருக்கும்போது.

எங்கள் தளத்தில் வேலை செய்தவர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சில வரிகள். அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகள், எங்கள் பேச்சில் சார்ட், கன்டோன்மென்ட்டில் எங்கள் மூன்றாம் மாடிக்கு வருகின்றன. படித்து, ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் உரிய எண்ணைப் போடுவது எங்கள் வேலை. போட்டது சரியா என்று பார்ப்பவரை ஆடிட்டர் என்போம். ஜெசிந்தா அக்கா ஆடிட்டர். தளத்துக்குள் பேனா கூடாது, தாள் கூடாது, போன் கூடாது. எல்லாம் வெளியே லாக்கரில். எங்களுக்கென்று இருக்கும் எதுவும் அந்த இரும்புப் பெட்டிக்குள்தான்.

எண்ணின் முடிவில் ஓர் எழுத்து வரும். காயத்துக்கு இன்னும் வைத்தியம் நடக்கிறது என்றால் ஏ. வைத்தியம் முடிந்து ஆறிக்கொண்டிருக்கிறது என்றால் டி. ஆறிய பிறகும் மிச்சம் நிற்கிற தொந்தரவு என்றால் எஸ். புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்வோம். நோயாளி ஒரு மருத்துவரிடம் முதல் முறை வந்தால் ஏ போட்டுவிடுவோம். நானும் செய்தேன். என் முதல் வாரத்தில் ஒன்பது சார்ட் திரும்பி வந்தது.

"கோதை மேடம்," என்றார் அக்கா. ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறேன் என்பதால் அந்த மேடம். "எத்தனாவது தடவ வர்றாங்கன்னு எண்ணாத. ஆறுதா இல்லையான்னு பாரு. அவ்வளவுதான் நம்ம தொழில்."

பேஸ்பால் அவருக்கு இந்த வேலையில்தான் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பந்து பட்டு முகத்தில் அடிபட்ட ஒரு சிறுவனின் சார்ட். பந்து என்று பொதுவாக எண் போட்டிருக்கிறார். திரும்பி வந்தது. பேஸ்பால் பந்துக்குத் தனி எண். மட்டை பட்டால் அதற்கு வேறு எண். "ஒரு பந்துக்குன்னு தனியா நம்பர் குடுத்து வெச்சிருக்கான்னா அது என்ன ஆட்டமா இருக்கும்?" அன்று மாலையே தேடிப் பார்த்தாராம். விதிகள் புரிய ஒரு வருடம். அதற்குள் அந்தச் சிறுவனின் ஊர் அணி அவருடைய அணி ஆகிவிட்டது. எந்த ஊர் என்று யாரிடமும் சொல்லவில்லை. நோயாளியின் விவரம் வெளியே போகக் கூடாது. பல வருடங்களுக்கு முந்தைய ஒரு சிறுவனுக்காக அணியின் பெயரையே மறைத்து வைத்திருந்தார். "நம்ம பசங்க" என்றுதான் சொல்வார். என் போனில் செயலியை ஏற்றியபோது எனக்குத் தெரிந்துபோனது. நானும் இங்கே எழுதப் போவதில்லை.

அந்த ஊர் மேற்குக் கரையில் இருக்கிறது. அவர்கள் மாலையில் ஆடினால் நமக்குக் காலை ஏழரை. பொன்மலையிலிருந்து வரும் பஸ்ஸில் முதல் மூன்று சுற்று பார்ப்பார். ஒன்பதுக்குப் போன் லாக்கருக்குள் போகும். பத்தே முக்காலுக்கு டீ இடைவேளை. அப்போது ஆட்டம் முடிந்திருக்கும். தொடக்கத்தைப் பார்த்துவிட்டு முடிவைப் படிப்பது. அத்தனை வருடத்தில் வேலை நாள் ஆட்டம் ஒன்றைக்கூட அவர் முழுதாகப் பார்த்ததில்லை. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"நடுவுல என்ன ஆச்சுன்னு தெரியாம எப்படிக்கா?"

"நீ ஸ்ரீரங்கத்துல ஏறி ஜங்ஷன்ல இறங்குற. நடுவுல தூங்குற. ஊர் வந்து சேரலயா?"

போன வருடம் அந்த அணிக்கு எல்லாம் உடைந்தது. தோள், முட்டி, தொடைத் தசை. சீசன் தொடங்கி இரண்டு மாதத்தில் பாதிப் பேர் களத்துக்கு வெளியே. அக்கா ஒரு வெள்ளைத் தாளை லாக்கர் கதவின் உட்புறம் ஒட்டினார். அடிபட்டவர்களின் பட்டியல். பெயர்கள் அவர் வைத்தவை. தாடி, தோள்பட்டை, ஏ. குட்டையன், கணுக்கால், டி. மேலே முதல் வரி: பெரியவன், முழங்கை, ஏ. பெரியவன் அணியின் முதன்மைப் பந்து வீச்சாளன். அவனுடைய இடத்தில் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனை இறக்கியிருந்தார்கள். அவன் சின்னவன். அவனுக்கு அடி இல்லை என்பதால் பட்டியலிலும் இல்லை.

"தோத்தா தோத்ததுதான். லிஸ்ட் மட்டும் சரியா இருக்கணும்" என்பார்.

ஜூலையில் ஒரு மாலை ஜி கார்னர் அருகே அவருடைய ஸ்கூட்டியில் நாய் ஒன்று வந்து மோதியது. வலது தொடை எலும்பு. மறுநாள் மருத்துவமனையிலிருந்து போன். குரல் மயக்கத்தில் இழுத்தது.

"நாய் கடிச்சா ஒரு நம்பர். நாய் வந்து மோதினா என்ன நம்பர்? சொல்லு பாப்போம்."

சொன்னேன்.

"பரவால்ல. தேறிட்ட." பிறகு, "லாக்கர் சாவிய உங்க அண்ணன்ட்ட குடுத்து விடுறேன். லிஸ்ட்ல கடைசியா என் பேரப் போடு. தொடை எலும்பு. ஏ."

அண்ணன் என்றால் அவர் கணவர் செல்வராஜ். சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தவர் கொஞ்ச நேரம் நின்றார். "கால் போச்சுன்னு அழுவான்னு பாத்தேன். முழங்கை ஸ்கேன் ரிசல்ட் வந்துச்சான்னு கேக்குறா. எவனோ ஒருத்தன் முழங்கை."

மூன்று மாத விடுப்பு. அவருடைய இருக்கையில் தற்காலிகமாக என்னை உட்காரச் சொன்னார்கள். ஜன்னல் ஓரம். மலைக்கோட்டை தெரியும். ஆறு பேர் வேலையை நான் சரிபார்க்க வேண்டும். முதல் வாரம் பயம். இரண்டாம் வாரம் பழக்கம். நான்காம் வாரம் அந்த நாற்காலியின் உயரத்தை எனக்கு ஏற்ப மாற்றிக்கொண்டேன்.

இதை இங்கே எழுத வேண்டும். அவர் குணமாக வேண்டும் என்று விரும்பினேன். மெதுவாகக் குணமாக வேண்டும் என்றும் விரும்பினேன். இரண்டும் ஒரே மனதில் அருகருகே இருந்தன. ஒன்று மற்றதைத் தொந்தரவு செய்யவில்லை.

படுக்கையில் அவருக்கு ஆட்டங்கள் முழுதாகக் கிடைத்தன. இடைவேளையில் போன் வரும். "தாடி நேத்து ஓட ஆரம்பிச்சிட்டான். டி போடு. போட்டியா?" நான் பேனாவும் கையுமாக லாக்கர் முன்னால். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். "பெரியவன் இன்னும் ஏ-தானாக்கா?" "ஏ-தான். ஆனா செப்டம்பர்ல வந்துருவான். அவனும் நானும் ஒண்ணா வருவோம், பாரு." செல்வராஜ் அண்ணனை மாதா கோயிலுக்கு அனுப்பி அந்த முழங்கைக்காக மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னாராம். தன் தொடைக்காக ஏற்றச் சொன்னதாகத் தகவல் இல்லை.

பெரியவன் வந்துவிட்டால் தானும் வந்துவிடுவேன் என்பதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. எனக்கு அது புரிந்தது. பஸ்ஸில் அந்த முழங்கையைப் பற்றிய செய்திகளை நானும் தேடிப் படிக்கத் தொடங்கினேன். எந்தச் செய்தியை எதிர்பார்த்துத் தேடினேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

செப்டம்பர் கடைசியில் பெரியவனுக்கு டி போட்டேன். அணிக்கு இரண்டு ஆட்டம் மிச்சம். இரண்டிலும் ஜெயித்தால் அடுத்த கட்டம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தோற்றால் அதோடு முடிந்தது. அக்கா வரச் சொல்லியிருந்தார். செல்வராஜ் அண்ணன் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மூலையில் வாக்கர்.

"புரட்டாசில எங்க வீட்டுக்கு வந்திருக்க. பயப்படாத, வீட்ல முட்டைகூட இல்ல" என்றார் அக்கா.

சின்னவன் எறிந்தான். ஏழு சுற்று. நம்ம பசங்க ஒரு ஓட்டம் முன்னால். எனக்கு அந்த ஆட்டம் அதுவரை பிடித்ததில்லை. அன்று காபியைக் கையில் வைத்துக்கொண்டே மறந்தேன். எட்டாம் சுற்றில் சின்னவனை வெளியே எடுத்தார்கள். தடுப்புக் கதவு திறந்தது. பெரியவன். மைதானம் முழுக்க எழுந்து நின்றது. அக்கா தலையணையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வலித்திருக்கும். முகத்தில் தெரியவில்லை.

"வந்துட்டான் பாரு."

அவன் எறிந்ததை எதிரணியின் முதல் ஆள் அடித்துவிட்டு ஓடிப் போய் நின்றான். அடுத்தவன் அடித்த பந்து வேலிக்கு வெளியே போய் விழுந்தது. அவர்களுக்கு இரண்டு ஓட்டம். அதற்குப் பிறகு நம்ம பசங்க யாரும் ஓட்டம் எடுக்கவில்லை.

அக்கா போனின் சத்தத்தைக் குறைத்தார். அணைக்கவில்லை.

"சின்னவன விட்டிருக்கணும்" என்றார். "அவனுக்குக் கை நல்லா இருந்துச்சு."

"நீங்கதானேக்கா பெரியவன் வரணும் வரணும்னு மூணு மாசமா சொன்னீங்க?"

"வரணும்னு சொன்னேன். சின்னவன எழுப்பிட்டு இவன உக்கார வைக்கச் சொன்னேனா?"

திரையில் பெரியவன் பெஞ்சில் தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தான். அருகில் சின்னவன் தண்ணீர் நீட்டினான். அக்கா அதையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"நான் மேனேஜர்ட்ட பேசிடுறேன். நீ அந்த சீட்லயே இரு. நான் முன் வரிசைல உக்காந்து சார்ட் போடுறேன். மாடி ஏறி வர்றதே இப்ப எனக்குப் பெரிய விஷயம்."

வேண்டாம்க்கா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவருக்கும் அது போதுமானதாக இருந்திருக்கும். நான் மறுக்க, அவர் வற்புறுத்தியிருப்பார், நான் ஒப்புக்கொண்டிருப்பேன். நாலு வார்த்தைதான். சொல்லவில்லை.

"காபி ஆறிப்போச்சுக்கா" என்றேன்.

"சுட வெச்சுக்க. அடுப்பு அங்கதான் இருக்கு."

செல்வராஜ் அண்ணன் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். "ஜெயிச்சாங்களா?"

"இல்ல. உங்க மெழுகுவத்தி சரியில்ல."

"அப்ப அடுத்த வருஷம்."

"ஆமா," என்றார் அக்கா. "அடுத்த வருஷம் பெரியவன் முதல் நாள்லேர்ந்து எறிவான். பாருங்க." தோற்று அரை மணி நேரம் ஆகவில்லை. குரல் அதற்குள் தெளிந்திருந்தது. இப்போது நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது அந்தக் குரல்தான்.

நவம்பரில் ஒரு கைத்தடியோடு வந்தார். சாவியை வாங்கிக்கொண்டார். முன் வரிசையில் மூன்றாவது இருக்கை. என் இடத்திலிருந்து அவருடைய கொண்டையும் ஒரு தோளும் தெரியும்.

ஜனவரியில் அவருடைய சார்ட் ஒன்று சரிபார்க்க என்னிடம் வந்தது. கை முறிந்து கட்டுப் பிரித்த ஒரு பெண், புதிய மருத்துவரிடம் முதல் முறை வந்திருக்கிறாள். அக்கா ஏ போட்டிருந்தார். டி வர வேண்டும். புதியவர்கள் செய்கிற அதே தவறு. பத்து நிமிடம் திரையையும் கொண்டையையும் மாறி மாறிப் பார்த்தேன். திருப்பி அனுப்பினேன்.

இடைவேளையில் லாக்கர் அருகே நின்றார். "கண்ணு நல்லாத்தான் தெரியுது உனக்கு."

"விட்டுடலாமான்னு பாத்தேன்க்கா."

"விட்டிருந்தா நான் உன்ன விட்டிருக்க மாட்டேன்." சிரித்துவிட்டுக் கைத்தடியை ஊன்றிப் போனார்.

அடக்கம் முடிந்த மறுவாரம் லாக்கரைக் காலி செய்யச் செல்வராஜ் அண்ணன் வந்தார். வெளியாட்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு வரவேற்பறையில் உட்கார்ந்தார். ஒரு குடை. ஒரு ஜெபமாலை. கழுவிய டிபன் டப்பா. கதவில் அந்தத் தாள்.

பாதி வரிகள் என் கையெழுத்தில். கடைசியில் அவர் பெயர். நான் போட்ட ஏ. அதை அடித்து அவர் போட்ட டி. அதற்கும் கீழே நான் பார்த்திராத ஒரு வரி. எப்போது எழுதினார் என்று தெரியவில்லை.

கோதை, காயம் இல்லை. ஆடட்டும்.

பையைக் கொடுத்துவிட்டுத் தாளைக் காட்டினேன். "இத நான் வெச்சுக்கட்டுமாண்ணே?"

மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்த்தார். அவருடைய மனைவியின் பெயரில் விரல் நின்றது. "வெச்சுக்கங்க. இதுல எனக்குத் தெரிஞ்சது ஒரு பேருதான்."

சீசன் தொடங்கிவிட்டது. முதல் நாளே பெரியவன் எறிந்தான். தோற்றார்கள். மறுநாள் ஜெயித்தார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் இப்போது நான் தூங்குவதில்லை. ஒன்பதுக்குப் போனை வைக்கிறேன். பத்தே முக்காலுக்கு எடுக்கிறேன். அந்தத் தாள் என் லாக்கர் கதவில் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுவும் அந்த "அடுத்த வருஷ"மும்தான்.

தாளின் கடைசி வரி தவறு. காயம் இல்லை என்பது சரியல்ல. மற்றவர்கள் போட்டதைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்புவது என் வேலை. இதைத் திருப்பி அனுப்பினால் வாங்கித் திருத்த ஆள் இல்லை. அவர் எழுதியபடியே விட்டிருக்கிறேன்.