கொண்டாட்டம் என்று போட்ட தலைப்பு

இணையப் பக்கங்களுக்குத் தலைப்பு எழுதுவதும் என் வேலையில் ஒரு பகுதியாக இருந்த காலம் அது. திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன கம்பெனி. வருகிறவர்கள் எல்லோரும் "வெல்கம் டு அவர் ஹோம் பேஜ்" என்றே தலைப்பு வைக்கச் சொல்வார்கள். யார் சார் உட்கார்ந்து 'வெல்கம்' என்று தேடுவார்கள் என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

வீட்டில் அதைவிட மோசம். அதே ஊரில் கரமனையில் அண்ணா, மன்னியோடு இருந்தேன். மன்னி இடும் வடாம் தெருவில் பிரசித்தம். அதை வெளியூர்க்காரர்களுக்கு விற்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அண்ணாவுக்கோ மொட்டை மாடியில் ஷீட் போட்டு, அறையாக்கி வாடகைக்கு விடும் எண்ணம். வடாம் காய அந்த மாடியை விட்டால் வேறு இடமில்லை.

"ஜூன்ல இடவப்பாதி மழை பிடிக்கறதுக்குள்ள ஒரு ஆர்டராவது வரட்டும். வரலேன்னா ஷீட்டுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மன்னி சரியென்று அரிசி ஊறவைக்கப் போனாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்தை நான் தயாரித்தேன். தலைப்பை மட்டும் அண்ணா பிடித்துக்கொண்டார்.

"நாம இருக்கறது கேரளமாக்கும். இங்கே வடாம்னா யாருக்குத் தெரியும்? கொண்டாட்டம்னு போடுடி, கேட்டியா."

மலையாளத்தில் வற்றல் வகையறாவுக்கு அதுதான் பெயர். கடைப் பாக்கெட்டிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் மலையாளி உள்ளூர் சாலைக் கடைத்தெருவிலேயே வாங்கிக்கொள்வான், தேடப் போவது ஊரை விட்டுப் போன தமிழர்கள் என்றேன். எடுபடவில்லை. 'கொண்டாட்டம், கரமனை' என்று ஆங்கில எழுத்தில் போட்டேன்.

முதல் ஃபோன் நாகர்கோவிலிலிருந்து வந்தது. மன்னியும் கேட்கட்டும் என்று அண்ணா ஸ்பீக்கரைப் போட்டார்.

"பிரவுசிங் சென்டர்ல பார்த்தேன் சார். கொண்டாட்டம் எல்லாம் நீங்க செய்து தருவீங்களா?"

"பேஷா. எப்போ வேணும்?"

"அடுத்த மாசம். மகளுக்குச் சடங்கு."

"எண்ணெய் நன்னா காஞ்சப்பறம் போடணும், அவ்வளவுதான்."

"எண்ணெயா? பந்தலும் மைக் செட்டும் உங்க பொறுப்புதானே?"

பாவம், பக்கத்தில் இருந்த வடாம் படம் இறங்கும்வரை காத்திருக்காமல் தலைப்பை மட்டும் படித்திருக்கிறார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மன்னி சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அண்ணாவைக் கேட்காமலே தலைப்பை மாற்றினேன். "வெளிநாட்டுல இருக்கற உங்க தங்கை லீவுக்கு வந்தா மொதல்ல என்ன கேப்பா?" என்று மன்னியைக் கேட்டேன்.

"அரிசி வடாம் இருக்கான்னு கேட்டுண்டேதான் உள்ள வருவா."

'அரிசி வடாம்' என்பதையே தலைப்பில் முதலில் வைத்தேன். தேடும்போது வரும் பட்டியலில் நீளமான தலைப்பின் வால் வெட்டுப்படும் என்பதால் 'வெயிலில் காய்ந்தது' அடுத்தும், கரமனை கடைசியிலும் போயின.

ஷீட்டுக்காரர் வந்து அளவெடுத்துப் போனார். வானம் மூட்டம் போட்டது. ஆபீஸில் மெயிலைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மழைக்கு முன் ஆர்டர் வந்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து ஒரு பெண், அரிசி வடாம் என்று தேடியதாகவும், அனுப்ப முடியுமா என்றும் எழுதியிருந்தாள். வீட்டுக்கு ஃபோன் செய்தேன். அண்ணா கேட்டுவிட்டு ஃபோனை மன்னியிடம் கொடுத்தார்.

"என்னைத் தேடிண்டா வந்தா?"

"வடாத்தைத் தேடிண்டு வந்தா மன்னி."

"ரெண்டும் ஒண்ணுதாண்டி" என்றவள், அங்கே அண்ணாவிடம், "ஷீட்டுக்காரரை வர வேண்டாம்னு சொல்லிடுங்கோ" என்றாள்.

எதையும் அண்ணாவைக் கேட்டுத்தான் செய்வாள் மன்னி. அவள் சொல்லி அவர் கேட்டது அன்றுதான்.