முதல் செம்புத் தண்ணீர்

கடலோரச் சுருவில் கிராமத்தில் சுண்ணக்கல் தோண்டும் குழிக்குப் பக்கத்து வளவில் ஓர் அக்காவைச் சந்தித்தேன். மெலிந்த உடல், வெயிலுக்குச் சுருங்கிய கண்கள். காலையில் கிணற்றில் அள்ளும் முதல் செம்புத் தண்ணீரை, கல் தோண்டும் பெக்கோ இயந்திரச் சாரதிக்குத்தான் கொடுப்பார்.

“உங்கட கிணத்தைக் கெடுக்கிறவருக்கோ தண்ணி குடுக்கிறியள்?” என்றேன்.

“குழி ஆழமானால் கடல் உள்ளுக்கு வந்திடும், தம்பி. கொஞ்சம் கொஞ்சமாய் உப்பேறினால் என்ர நாக்கு பழகிப்போகும், உப்புத் தெரியாது. அவர் வெளியூர். அவற்ர முகம் சொல்லும்.”

சாரதி வந்தார். “என்னக்கா, இண்டைக்கும் எனக்குத்தான் முதல் கவனிப்போ?” என்று சிரித்தபடி வாங்கி ஒரு மிடறு குடித்தார். சிரிப்பு நின்றது. “காணும் அக்கா, என்னட்டைப் போத்தல் தண்ணி கிடக்கு,” என்று செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் போய் இயந்திரத்தில் ஏறினார். பிறகு அக்கா மீதியைத் தானே குடித்தார், கடைசிச் சொட்டு வரை.

“நல்லாத்தானே கிடக்கு,” என்றார்.

அதை எனக்குச் சொன்னாரா, கிணற்றுக்குச் சொன்னாரா?