வேலிக்குள் ஒரு குழி

என் அம்மா பருவநிலை மாற்றத்தை ஆராயும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தாள். வெப்பநிலை அளவுகளைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. யாராவது கேட்டால், "ஒரு பெட்டிக்குக் காவல்" என்று சொல்லிவிடுவேன். பொய்யில்லை.

நிறுவனத்தின் பின்பக்கப் புல்வெளியில், இடுப்பளவு வேலிக்குள் அந்தப் பெட்டி நிற்கும். வெள்ளை மரப்பெட்டி, காற்று புகுந்து போக நாலு பக்கமும் பலகை இடுக்குகள், உள்ளே வெப்பமானிகள். அம்மா பிறப்பதற்கு முன்பிருந்தே அதே இடம். அதன் மதிப்பே அதுதான். சுற்றிலும் எதுவும் மாறாமல் இருந்தால்தான் காற்று மாறியிருக்கிறது என்று சொல்ல முடியும். பக்கத்தில் சுவர் எழுந்தால், மரம் நிழல் போட்டால், பெட்டி அந்தச் சுவரையும் மரத்தையும் அளக்க ஆரம்பித்துவிடும்.

இது அங்கே எல்லோருக்கும் தெரியும். வருகிறவர்களுக்கு வகுப்பே எடுப்பார்கள். எடுத்து முடித்துவிட்டு வேலியோரமாக வண்டியை நிறுத்துவார்கள்.

அம்மாவின் பணிக்காலம் இந்தச் சண்டையிலேயே கழிந்தது. வண்டிகள் போனால் கேன்டீனின் புகைக்குழாய் வரும். அது போனால் விருந்தினர் கூடாரம். கடைசியாக வந்தது ஏசியின் அவுட்டோர் யூனிட். பூமி சூடாவது பற்றிப் பேசும் கூட்ட அறையைக் குளிர வைக்க, வெளியேறும் அனலைப் பெட்டியின் முகத்திலேயே ஊதும்படி மாட்டியிருந்தார்கள்.

இயக்குநருக்கு அம்மா 'மேகம்' என்று பெயர் வைத்திருந்தாள். இடிப்பார், பெய்யமாட்டார். யூனிட்டைப் பற்றி அவரிடம் முறையிட்ட அன்று நடந்ததை வீட்டில் அவர் குரலிலேயே நடித்துக் காட்டினாள்.

"எதுக்கெடுத்தாலும் சண்டையாம்மா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கூடாதா?"

"நான் பண்ணிக்குவேன் சார். வெப்பமானி பண்ணிக்காது."

சின்ன வயதில் விடுமுறை நாளில் ஒருமுறை வேலியைத் தாண்டி அவளிடம் ஓடினேன். கட்டிக்கொள்ளத்தான். "தள்ளி நில்லு. உன் உடம்புச் சூடு பெட்டிக்குப் போகும்" என்றாள். அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார், அதிகம் பேசமாட்டார். அம்மா கோபமாக வரும் நாட்களில் மட்டும் வாசலிலேயே என்னை எச்சரிப்பார்: "தள்ளி நில்லும்மா. இன்னைக்கு உங்கம்மாவே நாப்பது டிகிரி."

போன வருடம் அந்த யூனிட்டை ஒருவழியாகக் கழற்றி முன்பக்கம் கொண்டுபோனார்கள். "மேகம் பெஞ்சிடுச்சு!" என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள்.

அடுத்த மாதம் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துச் செத்துப்போனாள். நான் கொதிகலன் பொறியாளர். அழுத்தத்தைக் கவனிக்காத குழாய் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஊர்க் காற்றையெல்லாம் அளந்தவள், டாக்டரிடம் போகச் சொன்னபோதெல்லாம் "நேரமில்லை" என்றாள். அவள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

பிறகு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. அம்மா நினைவாக மரம் நடுகிறார்களாம். அப்பாவும் நானும் போனோம். எல்லோரும் பின்பக்கம் கூடியிருந்தார்கள். வேலிக்குள். பெட்டிக்கு இரண்டெட்டில் குழி வெட்டியாகிவிட்டது. பக்கத்தில் அம்மா பெயர் பொறித்த பலகை. பரந்து நிழல் தரும் ஜாதி என்று தோட்டக்காரர் பெருமையாகச் சொன்னார்.

இயக்குநர் உருக்கமாகப் பேசிவிட்டுக் கன்றை அப்பா கையில் கொடுத்தார். உண்மையாகவே அவர் கண் கலங்கியிருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சார், இங்கே மரம் வைக்கக் கூடாது."

"அம்மாவுக்கு உயிரான இடம்மா இது."

"அதனாலதான் சொல்றேன். பெட்டிமேல நிழல் விழும்."

"தெரியும்மா. இது வளர எத்தனையோ வருஷம் ஆகும். அப்போ பார்த்துக்கலாம்."

நூறு வருடம் கழித்துக் கடல் எங்கே நிற்கும் என்று கணக்குப் போடுகிற நிறுவனம். நான் குழிக்குள் இறங்கி நின்றேன். வேறு வழி தெரியவில்லை. போட்டோக்காரர் கேமராவை இறக்கினார். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அப்பா கன்றோடு வேலியைத் தாண்டி நடந்தார். எல்லோரும் பின்னால் போனார்கள். முன்பக்கம் கார் நிறுத்துமிடத்தில் நின்றார்.

"உங்க வண்டி வெயில்ல காயுது சார். இங்கே வச்சா உதவும்."

இயக்குநர் முகம் மலர்ந்தது. "நல்ல யோசனை! எனக்குத் தோணவே இல்லை பாருங்க." கைதட்டினார்கள். பலகையும் இடம் மாறியது. அம்மா இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

குழியை நாளைக்கு மூடுவதாகத் தோட்டக்காரர் சொன்னார். இவர்களின் நாளை எனக்குத் தெரியும். அவர் மண்வெட்டியை வாங்கி நானே மண்ணைத் தள்ளினேன். வெட்டிப் போட்ட புல்பத்தைகளை மேலே பொருத்தி மிதித்தேன். வெற்று மண் புல்லைவிடச் சூடாகும். அந்தக் கணக்கும் பெட்டியில் ஏறும். கடைசிப் பத்தை சரியாக உட்காரவில்லை. குனிந்து கையால் அழுத்தினேன். அங்கேதான் அழுகை வந்தது. நிற்கவில்லை.

அப்பா வேலிக்கு வெளியே வந்து நின்றார்.

"இப்படி வந்து அழும்மா," என்றார். "அங்கே வேண்டாம்."

வேலிக்கு வெளியே போனேன்.